எண்ணெயில்லாப் பழ சாலட் டிரெஸ்ஸிங்: எந்தத் தயிர், எந்தத் தேன், எந்தப் புளிப்பு?

கொய்யாவைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தரும் தள்ளுவண்டிக்கு எண்ணெய் தேவைப்படுவதில்லை. ஒரே பழம், வாங்கிய கையோடு தின்றுவிடுகிறோம். நான்கைந்து பழங்களை நறுக்கி ஒரு கிண்ணத்தில் சேர்க்கும்போதுதான் சிக்கல். மேலே ஊற்றிக் கலக்கும் டிரெஸ்ஸிங் எல்லாத் துண்டிலும் ஒட்ட வேண்டும், சாறோடு சாறாகக் கரைந்து அடியில் போய்த் தேங்கக் கூடாது. மேற்கத்திய சாலட்டில் இந்த வேலையை எண்ணெய் பார்க்கிறது. நம் பழனிப் பஞ்சாமிர்தத்திலும் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேனோடு நெய் சேர்கிறது. ஆகப் பழத்தோடு கொழுப்பு சேர்வது நமக்கும் புதிதல்ல.

எண்ணெயை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? பாட்டில் தயாரிப்புகள் பெரும்பாலும் சர்க்கரையையும் பசையையும் வைக்கின்றன. வீட்டில் துணியில் கட்டி வடித்த தயிரை வைத்தால் வேலை முடிந்தது. தயிர் ஆகாத பழங்களுக்கு மட்டும் வேறு இரண்டு வழி இருக்கிறது. இதற்காகக் கடையில் வாங்கும் பொருள்களில் எது காசுக்குத் தகும், எதை அலமாரியிலேயே விட்டுவிட்டு வரலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

பாட்டிலில் வருவது

முன்பக்கத்துப் படத்தையும் பெரிய எழுத்தையும் விட்டுவிட்டு பின்பக்கத்தைத் திருப்புங்கள். நம் நாட்டு விதிப்படி சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சிட வேண்டும். தண்ணீருக்கு அடுத்த பெயர் சர்க்கரை என்றால், அது புளிப்புச் சேர்த்த சர்க்கரைப் பாகு. கீழே 415 என்ற எண் இருந்தால் சாந்தன் கம், 1422 அல்லது 1442 இருந்தால் மாற்றம் செய்த ஸ்டார்ச், 211 இருந்தால் கெட்டுப்போகாமல் காக்கும் சோடியம் பென்சோயேட். இவை அனுமதிக்கப்பட்டவைதான், விஷம் என்று அலற வேண்டியதில்லை. எண்ணெயின் வழவழப்பைச் சாந்தன் கம்மையும் ஸ்டார்ச்சையும் வைத்து ஈடுகட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

‘கொழுப்பு இல்லாதது’ என்று போட வேண்டுமானால் 100 கிராமில் கொழுப்பு 0.5 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. சர்க்கரையைப் பற்றி அந்த வாசகம் எதுவும் சொல்வதில்லை. ஊட்டச்சத்துப் பட்டியலில் ‘சேர்த்த சர்க்கரை’ என்ற வரியைப் பாருங்கள். 100 கிராமுக்கு 30 கிராம் என்று இருந்தால், இரண்டு மேசைக்கரண்டி ஊற்றும்போது 9 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூனுக்கும் மேல் சர்க்கரை கிண்ணத்தில் விழுகிறது. ஏற்கெனவே இனிப்பாக இருக்கும் பழத்தின் மேல் இது தேவையா? காய்கறி சாலட்டுக்கு அவசரத்துக்கு வாங்கலாம். பழத்துக்கு வேண்டாம்.

தயிர்: காசு செலவழிக்க வேண்டிய இடம்

மூன்று வகை கிடைக்கிறது. வீட்டில் உறை ஊற்றியது, பாக்கெட் அல்லது கப் தயிர், ‘கிரீக் யோகர்ட்’ என்று விற்பது.

கிரீக் யோகர்ட் என்று எழுதியதெல்லாம் வடித்த தயிர் ஆகாது. சேர்மானத்தில் பாலும் உறையும் மட்டும் இருந்து, 100 கிராமுக்குப் புரதம் 8 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் நல்ல சரக்கு. ஸ்டார்ச், 428 (ஜெலட்டின்), 440 (பெக்டின்) என்று ஏதாவது தென்பட்டால் அது வடித்துக் கெட்டியானதல்ல, சேர்த்துக் கெட்டியானது. இதில் எலுமிச்சைச் சாறு விட்டு அடித்தால் கஞ்சி போல் ஆகிவிடும். பழச் சுவை சேர்த்த கப்களில் சர்க்கரையும் உண்டு, அவை இந்த வேலைக்கு உதவாது.

இத்தனை ஆராய்ச்சி வேண்டாம் என்றால் சாதாரணத் தயிரை வாங்கி வடித்துக்கொள்வதே மேல். டோன்டு பாலில், அதாவது ஆவின் நீலப் பாக்கெட் போல 3 சதவீதக் கொழுப்புள்ள பாலில் தோய்த்த தயிர் சரியாக இருக்கும். 6 சதவீதப் பாலில் தோய்த்தது வடித்தபின் வெண்ணெய் தடவியது போல் நாக்கில் ஒட்டும், பழத்தின் சுவையை மூடிவிடும். கொழுப்பு நீக்கிய பாலில் தோய்த்தது வடித்தால் மணல் மணலாக வருகிறது, புளிப்பும் தூக்கலாகத் தெரிகிறது.

வீட்டுத் தயிர் என்றால் ஒரு சோதனை. கரண்டியால் எடுத்துப் பாருங்கள். நூல் நூலாக இழுபட்டால் அன்றைக்கு அது மோர்க்குழம்புக்குத்தான். அந்தக் கொழகொழப்பு தண்ணீரை விடாது, ராத்திரி முழுக்கக் கட்டித் தொங்கவிட்டாலும் பாதிதான் வடியும். வெட்டினால் கத்திபோல் விளிம்பு நிற்கும் தயிர்தான் வேண்டும். தோய்ந்த அன்றே வடிக்க வேண்டும். மறுநாள் தயிரின் புளிப்பை அடக்கத் தேனை அள்ளிக் கொட்ட நேரும்.

வடிக்கும் முறை: 500 கிராம் தயிர். பழைய பருத்தி வேட்டித் துணியை இரண்டாக மடித்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். காய்ந்த துணியில் முதல் தயிர் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். வடிகட்டியின் மேல் துணியை விரித்து, தயிரை ஊற்றி முடிந்து, அடியில் பாத்திரம் வைத்து அப்படியே ஃபிரிட்ஜில் வையுங்கள். நான்கு மணி நேரம். குழாயில் கட்டி வெளியே தொங்கவிடும் பழக்கம் நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவராது, வடிவதற்குள் புளித்துவிடும். கையால் பிழியவும் கூடாது, பிழிந்தால் தயிரும் துணி வழியே வரும். 220 முதல் 250 கிராம் வரை மிஞ்சும். கீழே இறங்கிய தெளிந்த தண்ணீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையவோ ரசத்துக்கோ வைத்துக்கொள்ளலாம்.

கலவை

அரை கிலோ நறுக்கிய பழத்துக்கு, நான்கு பேருக்கு:

வடித்த தயிர் 120 கிராம்
தேன் 2 டீஸ்பூன்
எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன்
ஆரஞ்சுச் சாறு 1 மேசைக்கரண்டி
வறுத்துப் பொடித்த சீரகம் கால் டீஸ்பூன்
உப்பு இரண்டு சிட்டிகை
மிளகு, புதினா தேவைக்கு

முதலில் தயிரை மட்டும் கம்பி விஸ்க்கால் ஒரு நிமிடம் அடித்து வழுவழுப்பாக்குங்கள். கெட்டித் தயிரில் எடுத்த எடுப்பில் சாறை ஊற்றினால் வெளியே தண்ணீரும் உள்ளே கட்டியுமாக நிற்கும், பிறகு எவ்வளவு அடித்தாலும் கட்டி உடையாது. தனியாக ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறில் தேனையும் உப்பையும் கரைத்துவிடுங்கள். தேனை நேராகக் குளிர்ந்த தயிரில் விட்டால் அது உருண்டு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கரைத்ததைத் தயிரில் மூன்று தடவையாக ஊற்றி அடித்து, கடைசியில் ஆரஞ்சுச் சாறு. கரண்டியைத் தூக்கினால் தோசை மாவு போல் பட்டையாக விழ வேண்டும். இட்லி மாவு பதத்தில் இருந்தால் இன்னொரு டீஸ்பூன் சாறு. மோர் போல் ஓடினால் மீண்டும் வடிப்பதைத் தவிர வழியில்லை.

மிக்ஸியில் போடாதீர்கள். அரை நிமிடத்தில் தயிரின் கட்டு உடைந்து தளர்ந்துவிடும். இன்னும் கொஞ்சம் ஓட்டினால் வெண்ணெய் திரளத் தொடங்கும். புதினாவை மிக்ஸியில் அடித்தாலும் கறுத்துப்போகும், கையால் கிள்ளிப் போடுவதே நல்லது.

இப்போது கணக்கு. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி சுமார் 120 கலோரி. நான்கு பேருக்கு இரண்டு கரண்டி என்றால் தலைக்கு 60. மேலே சொன்ன தயிர்க் கலவை தலைக்கு 40 கலோரியை ஒட்டி வரும், கொழுப்பு 2 கிராமுக்குள். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை இது. உண்மையான லாபம், தயிரிலுள்ள புரதமும் சர்க்கரை குறைவதும்தான். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மாம்பழம், பப்பாளியில் உள்ள கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு தேவை. அதனால் எண்ணெயில்லா டிரெஸ்ஸிங்கை ஒரு சொட்டுக் கொழுப்பும் இல்லாததாக்க மெனக்கெட வேண்டாம். உடைத்த வேர்க்கடலை ஒரு கரண்டி தூவினால் அதுவும் சரியாகிவிடும்.

ஆனால் முந்திரியை அரைத்து ஊற்றிவிட்டு ‘எண்ணெய் சேர்க்கவில்லை’ என்று பெருமைப்படுவது ஏமாற்று வேலை. முந்திரியில் பாதிக்குச் சற்றுக் குறைவு கொழுப்புதான். கெட்டித் தேங்காய்ப்பாலுக்கும் இதே பேச்சு.

அன்னாசி போட்டதும் கசக்கிறதே

தயிர் டிரெஸ்ஸிங்கைக் குறை சொல்பவர்களில் பெரும்பாலானவர்கள் குறை சொல்ல வேண்டியது அன்னாசியை. பச்சை அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது, அது பால் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும். அப்படி வெட்டுப்பட்ட துண்டுகளில் சில கசக்கும். அரைமணிக்குள் தயிர் நீர்த்துப்போய், கடைசி வாயில் ஒரு மருந்துக் கசப்பு நிற்கும். கிவியும் இதையேதான் செய்யும். பப்பாளியில் உள்ள பப்பைன் காயில்தான் அதிகம், நன்றாகக் கனிந்த பழத்தில் குறைவு. செங்காயாக இருக்கும் பப்பாளியை மட்டும் தள்ளி வையுங்கள். இஞ்சிச் சாறிலும் இப்படி ஒரு நொதி உண்டு, கால் டீஸ்பூனுக்கு மேல் போனால் தயிரில் தெரியும்.

வழி எளிது. அன்னாசித் துண்டுகளைத் தண்ணீர் விடாமல், அதன் சாறிலேயே கொதி வந்தபின் மூன்று நிமிடம் வேகவிட்டு ஆறவைத்துச் சேருங்கள். சூட்டில் நொதி செத்துவிடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டதால் கசக்காது, ஆனால் பாகில் ஊறியதை வாங்கினால் சர்க்கரைக் கணக்கு முறிந்துபோகும். சாறில் ஊறியதா பாகில் ஊறியதா என்று டின்னிலேயே போட்டிருக்கும்.

தர்பூசணிக்கும் தயிர் ஆகாது, அது வேறு காரணம். பழத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உப்பும் இனிப்பும் பட்டதும் அந்தத் தண்ணீர் வெளியே வரும், பத்து நிமிடத்தில் கிண்ணத்தில் இளஞ்சிவப்பு மோர்.

தேன், எலுமிச்சை, சாட் மசாலா

விலை உயர்ந்த ஒற்றைப்பூத் தேனை இதில் போடுவது வீண். சீரகமும் எலுமிச்சையும் சேர்ந்ததும் எந்தத் தேன் என்று யாருக்கும் தெரியாது. நம்பிக்கையான கடையின் சாதாரணத் தேன் போதும். அடியில் சர்க்கரை போல் உறைந்தால் கலப்படம் என்று தூக்கி எறிய வேண்டாம், குளுக்கோஸ் உறைவது தேனின் இயல்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும். தம்ளர் தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்ப்பது, தாளில் தடவிப் பார்ப்பது எல்லாம் கெட்டியையும் ஈரத்தையும் காட்டுமே தவிர கலப்படத்தைக் காட்டாது. தேன் இயற்கையானது என்பதால் அளவில்லாமல் ஊற்றலாம் என்ற எண்ணமும் தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் தேனையும் பழச்சாற்றின் சர்க்கரையையும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் வைக்கிறது. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு ஒரு சொட்டுத் தேனும் கூடாது.

எலுமிச்சைக்குப் பதில் பாட்டில் சாறு வாங்கலாமா? வேலை செய்யும், மணம் இருக்காது. ஆப்பிள் கறுக்காமல் இருக்கப் புளிப்பு மட்டும் போதும் என்றால் பரவாயில்லை. டிரெஸ்ஸிங்குக்குப் பழத்தைப் பிழிவதே சரி. பக்கத்து அலமாரியில் இருக்கும் ஸ்குவாஷைத் தவறி எடுத்துவிடாதீர்கள். அதில் சாறு கால் பங்கு இருந்தாலே விதிக்குப் போதும், மீதியில் பெரும்பகுதி சர்க்கரைத் தண்ணீர். ஒரு நடுத்தர எலுமிச்சையில் மூன்று நான்கு டீஸ்பூன் சாறு வரும். தோல் மெல்லியதாக, கையில் எடுத்தால் கனமாக இருப்பதை எடுங்கள். அலுமினியப் பிழிவானில் பூச்சு உரிந்திருந்தால் புளிப்பில் உலோக வாடை ஏறும். ஒட்டப் பிழிந்து வெள்ளைத் தோலையும் நசுக்கினால் கசப்பு இறங்கும். கொட்டை ஒன்று தவறி விழுந்தாலும் எடுத்துவிடுங்கள்.

சாட் மசாலா பாக்கெட்டில் முதல் மூன்று பெயருக்குள் உப்பு வந்துவிடுவது வழக்கம். அதைப் போட்டால் தனியாக உப்புப் போடாதீர்கள். வீட்டிலேயே வேண்டுமென்றால் வறுத்த சீரகப்பொடி 2 டீஸ்பூன், ஆம்சூர் (காய்ந்த மாங்காய்ப் பொடி) 1, கறுப்பு உப்பு அரை, மிளகு அரை, சுக்கு கால். கறுப்பு உப்பின் முட்டை வாடை தயிரில் தூக்கலாக அடிக்கும், அதனால் இந்தப் பொடி அடுத்து வரும் இரண்டுக்கும்தான் பொருந்தும்.

தயிர் ஆகாதபோது

ஆரஞ்சுச் சுண்டல் சாறு. இது அன்னாசி, கிவி, திராட்சைக்கு. 250 மில்லி புதுச் சாறை வடிகட்டி, அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் மிதமான தீயில் மூடாமல் 80 மில்லி ஆகும்வரை சுண்டவிடுங்கள். 12 முதல் 15 நிமிடம். கடைசி மூன்று நிமிடம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். குமிழ்கள் சிறிதாகி பளபளக்கத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள், தாண்டினால் கருகிய பாகு வாடை வந்துவிடும். ஆறியபின் எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன், இஞ்சிச் சாறு அரை, ஒரு சிட்டிகை உப்பு. தேனும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். ஆனால் 250 மில்லி சாறின் சர்க்கரை முழுதும் இந்த 80 மில்லியில்தான் இருக்கிறது என்பது நினைவில் இருக்கட்டும். நான்கு பேர் பகிர்ந்தால் தலைக்கு ஒரு டீஸ்பூனுக்குச் சற்று மேல்.

சாத்துக்குடியில் இதைச் செய்யவே கூடாது. பிழிந்து வைத்த சாத்துக்குடிச் சாறு சிறிது நேரத்தில் கசப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அடுப்பில் வைத்துச் சுண்டவைத்தால் அந்தக் கசப்பும் சேர்ந்தே கெட்டியாகும்.

பேரீச்சம்பழமும் புளியும். கொய்யா, அரைப்பழ மாங்காய், வெள்ளரி, அன்னாசிக்கு இதை அடிக்க ஆளில்லை. கொட்டை நீக்கிய பேரீச்சை 50 கிராம், புளி 10 கிராம், வெந்நீர் 100 மில்லி, 20 நிமிடம் ஊறவைத்து அரைத்து வடிகட்டுங்கள். மேலே சொன்ன பொடி ஒரு டீஸ்பூன், மிளகாய்த்தூள் கால் டீஸ்பூன். சாட் கடை இனிப்புச் சட்னியின் தம்பிதான் இது, கொஞ்சம் தளர்வாக. பேரீச்சையின் நார் பழத்தோடு ஒட்டிக்கொள்வதால் வழிந்து ஓடாது. நிறம்தான் குறை. வாழைப்பழத்தோடும் ஆப்பிளோடும் சேர்த்தால் சேற்றில் புரண்டது போல் இருக்கும்.

கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் பேஷன் ஃப்ரூட் கிடைத்தால் வேறு எதையும் செய்யாதீர்கள். மூன்று பழத்தின் சதையை விதையோடு வழித்து ஒரு டீஸ்பூன் தேன் கலந்தால் அதுவே டிரெஸ்ஸிங்.

ஒட்டவில்லை, நீர்த்துப்போகிறது என்றால்

எண்ணெய் தண்ணீரோடு சேராது. இவை எல்லாம் சேரும். அதனால் பழத்தில் இருக்கும் ஈரமே முதல் எதிரி. கழுவிய பழத்தைத் துணியில் ஒற்றிவிட்டு நறுக்குங்கள். முழுத் திராட்சையின் தோலில் எதுவும் நிற்காது, இரண்டாக வெட்டிப் போடுங்கள். ஆப்பிள், பேரிக்காயை நறுக்கியதும் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறில் புரட்டி வைத்தால் கறுக்காது. அந்த அளவை டிரெஸ்ஸிங்கில் குறைத்துக்கொள்ளுங்கள். வாழைப்பழம் பரிமாறும் நேரத்தில். மாதுளை மேலே தூவ மட்டும், கலந்தால் தயிர் முழுக்க ரோஸ் நிறமாகும்.

டிரெஸ்ஸிங்கைப் பழத்தோடு கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு விருந்தாளி வந்ததும் எடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. உப்பும் இனிப்பும் பழத்தின் தண்ணீரை உறிஞ்சி வெளியே கொண்டுவந்துவிடும். பழம் தனி, டிரெஸ்ஸிங் தனி. கலந்த பத்து நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டும். மதிய டப்பாவுக்குக் கொடுத்துவிடுவதானால் டிரெஸ்ஸிங்கைச் சின்ன மூடி டப்பாவில் தனியாக வையுங்கள். நறுக்கிய பழம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, கோடையில் ஒரு மணி நேரமே அதிகம்.

தயிர்க் கலவை ஃபிரிட்ஜில் இரண்டு நாள். மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் கெட்டுவிட்டது என்று பொருளல்ல, கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினால் சேர்ந்துவிடும். ஆரஞ்சுச் சாறும் புளிக் கலவையும் நான்கு நாள் தாங்கும். எதையும் பித்தளை, அலுமினியத்தில் வைக்காதீர்கள். கழுவிக் காயவைத்த பழைய ஜாம் பாட்டில் போதும், தனியாக டிரெஸ்ஸிங் ஷேக்கர் வாங்கத் தேவையில்லை. வாங்கத் தகுந்தது ஒரு சின்ன மின்னணுத் தராசுதான். வடித்த தயிர் கரண்டியில் ஒரு நாள் குவியும், ஒரு நாள் சரியும். 120 கிராம் என்பது தராசில்தான் 120 கிராம்.